இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவே நின்ற தாய்

உணவுப் பொட்டலங்களில் ஈரம் சேராமல் இருப்பதற்காகப் போட்டு வைக்கும் உலர்த்தி மணிகளை ஒரு பெண் குழந்தை விழுங்கிவிடுகிறது. வாந்தியெடுத்துத் துவண்டுபோன குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இளம் தாய் ஒருத்தி நகரத் தெருவில் ஓடுகிறாள். ஓடி வந்தவள் ஓரிடத்தில் கால் நகராமல் நின்றுவிடுகிறாள். ஒரு பக்கம் குழந்தைகள் மருத்துவமனை. இன்னொரு பக்கம் விலங்குகள் மருத்துவமனை. அவள் தோளில் கிடக்கும் குழந்தைக்கு மனித உருவும் உண்டு, ஓநாய் உருவும் உண்டு. எந்த வாசலுக்குள் நுழைந்தாலும் அங்கே கேட்கப்படும் முதல் கேள்விக்கே அவளால் பதில் சொல்ல முடியாது. கடைசியில் அவள் எந்த வாசலுக்குள்ளும் போகாமல், தொலைபேசியில் அறிவுரை கேட்டுக் குழந்தையைத் தேற்றுகிறாள்.

ஜப்பானிய இயக்குநர் மமோரு ஹொசோடாவின் ‘ஓநாய்க் குழந்தைகள்’ என்ற அனிமேஷன் படத்தில் இந்தக் காட்சி சில நொடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை. ஆனாலும் படத்தின் முழுப் பொருளும் அந்தச் சில நொடிகளுக்குள் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். 2012 ஜூலை 21 அன்று ஜப்பானில் வெளியாகி, அந்நாட்டுத் திரைப்பட அகாதெமியின் சிறந்த அனிமேஷன் படத்துக்கான பரிசைப் பெற்ற இப்படத்தின் நாயகி ஹானா என்ற தாய்தான். அவளுக்கு மந்திரம் தெரியாது, வாள் பிடிக்கத் தெரியாது, உருமாறவும் தெரியாது. மாயக்கதை ஒன்றின் நடுவில் இருக்கும் குடும்பத்தில் மாயம் எதுவும் கைவராத ஒரே ஆள் அவள். அப்படிப்பட்டவளை எதற்காக ஒரு கலைஞர் நடுவில் நிறுத்தினார், அவளுடைய வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற மார்கழியில் பாலக்கோட்டுக்கு அருகே என் பெரியம்மாவின் வீட்டில், விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகளோடு இந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். உரையாடலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது நான்; ஆனால் படத்தை எனக்குப் புரியவைத்தது, களிக்கு மாவு சலித்தபடி ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா. கேழ்வரகும் தக்காளியும் போட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அவர் சொன்னவற்றில் சிலவற்றை இடையிடையே சொல்கிறேன்.

முதலில் கதையின் அடித்தளம். ஜப்பானிய ஓநாய் என்ற விலங்கினம் உண்மையிலேயே வாழ்ந்து அழிந்துபோனது. 1905இல் நாரா பகுதியில் பிடிபட்டதே கடைசியாக உறுதிசெய்யப்பட்ட ஓநாய் என்று சொல்லப்படுகிறது. அந்த இனத்தின் கடைசி வாரிசு, மனிதர்களுக்கு நடுவே மனிதனாகவே வாழ்ந்து வந்தால் என்ன ஆகும் என்ற கற்பனையிலிருந்து ஹொசோடா தொடங்குகிறார். கல்லூரி மாணவியான ஹானா அவனைக் காதலிக்கிறாள். பனி பெய்த நாளில் பிறந்த பெண் குழந்தைக்கு யுகி என்றும், மழை பெய்த நாளில் பிறந்த ஆண் குழந்தைக்கு அமே என்றும் பெயர் வைக்கிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பனி, மழை என்பதே பொருள். அமே பிறந்த சில நாட்களிலேயே தந்தை இறந்துபோகிறான். பிள்ளை பெற்றவளுக்கு உணவு தேடிப் போன இடத்தில் அவன் இறந்திருக்கக் கூடும் என்பதைப் படம் குறிப்பாகச் சொல்கிறது. கால்வாயில் ஓநாய் உடலாகக் கிடந்தவனைத் துப்புரவுப் பணியாளர்கள் எடுத்துக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். அது தன் கணவன் என்று ஹானாவால் வாய்திறந்து சொல்ல முடியவில்லை.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் தனியான ஒரு வலியைத் தரும். நம் ஊர்ப்புறங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’ என்று, மாடுகளை மீட்கப் போய் மாண்டவனுக்கு எடுத்த கல்லும் உண்டு. புலியைக் குத்தி இறந்தவனுக்கு எடுத்த கல்லும் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் இத்தகைய கற்களை ஒருசேரக் காணலாம். ஊருக்காகவோ வீட்டுக்காகவோ போய்த் திரும்பாதவனுக்குப் பெயரும் இடமும் தருவது இந்த மண்ணின் பழைய முறை. ஹானாவின் கணவனுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவனுடைய ஓட்டுநர் உரிமத்தில் இருந்த சிறு புகைப்படம் மட்டுமே வீட்டில் வழிபடும் உருவமாக எஞ்சுகிறது. துக்கத்தை ஊரறிய அழுது தீர்க்கும் உரிமையும் இல்லாத நிலையில்தான் அவளுடைய தாய்மை தொடங்குகிறது. அவளது அமைதியைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. அந்த அமைதியின் முதல் பகுதி அவள் விரும்பித் தேர்ந்ததன்று; அவள் மீது சுமத்தப்பட்டது.

குடும்பமாகப் பார்க்கும் மாயக்கதைப் படங்களில் தாய்க்கு நெடுங்காலமாக இரண்டே இடங்கள்தாம் இருந்தன. ஒன்று, கதை தொடங்குமுன்போ தொடங்கிய கொஞ்ச நேரத்திலோ அவள் இறந்துவிட வேண்டும். 1942இல் வந்த ‘பாம்பி’யின் தாய்மான் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. இல்லையென்றால் மாற்றாந்தாயாக வந்து கொடுமை செய்ய வேண்டும். இதற்குக் கதைநுட்பம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. தாய் வீட்டில் இருக்கும்வரை பிள்ளை காட்டுக்குள் தனியாகப் போக முடியாது. பிள்ளை தனியாகப் போகாவிட்டால் சாகசம் இல்லை. ஆகவே சாகசத்துக்கு வழிவிடத் தாயை அப்புறப்படுத்தினார்கள். தாயை உயிரோடும் அருகிலும் வைத்துக்கொண்டே பிள்ளையைக் காட்டுக்கு அனுப்ப முடியுமா என்பது உண்மையில் கடினமான கேள்வி. ஹொசோடாவின் படம் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

நகரத்தில் ஹானா படும் பாட்டைப் படம் விரைவாகவும் துல்லியமாகவும் சொல்லிச் செல்கிறது. இரவில் குழந்தைகள் ஊளையிட்டு அழுவதால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். விலங்கு வளர்க்கக் கூடாத குடியிருப்பில் நாய் வளர்க்கிறாய் என்று வீட்டின் உரிமையாளர் குற்றம் சாட்டுகிறார். தடுப்பூசியும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாத குழந்தைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நலத்துறை அலுவலர்கள் கதவருகே நிற்கிறார்கள். அந்த அலுவலர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் செய்வது சரியான வேலைதான். ஆனால் அந்தச் சரியான வேலை அவளுடைய குழந்தைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். வில்லன் என்று விரல் நீட்ட யாருமே இல்லாத துன்பத்தை எழுதுவது எளிதன்று. அவள் குழந்தைகளோடு மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்குக் குடிபெயர்கிறாள்.

அந்தக் கிராமம் வெறும் கற்பனையிலிருந்து வரையப்பட்டதன்று. ஹொசோடா 1967இல் பிறந்த தொயாமா மாநிலத்தின் மலைகளும் வயல்களுமே படத்தின் பின்னணி. தான் பிறந்த மண்ணின் வெயிலையும் பனியையும் அறிந்த கைதான் அதை வரைந்திருக்கிறது என்பது, பாழடைந்த வீட்டின் கூரை ஒழுகும் விதத்திலிருந்தே தெரிகிறது. அவர் 2011இல் நிறுவிய ஸ்டூடியோ சிஸு என்ற கூடத்தின் முதல் படமும் இதுவே. ‘சிஸு’ என்றால் வரைபடம் என்று பொருள்.

ஹானாவின் வலிமை எது என்பதைப் படம் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டுவது இந்தக் கிராமத்தில்தான். அவள் பொறுத்துக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்கிறாள். ஓநாய்களைப் பற்றி நூல்களை எடுத்துப் படிக்கிறாள். கூரை வேயப் பழகுகிறாள். விதைக்கிறாள், பயிர் வாடிப்போகிறது. மறுபடியும் நூலைப் புரட்டுகிறாள், மறுபடியும் வாடுகிறது. நிராசாகி என்ற முதியவர், முகம் கொடுத்துப் பேசாதவர், ஒருநாள் வந்து மண்ணை முதலில் பண்படுத்தச் சொல்கிறார். மூன்று பேர் சாப்பிட இவ்வளவு நிலம் எதற்கு என்று அவள் எண்ணியிருக்க, இன்னும் பெரிதாகக் கொத்து என்று அதட்டுகிறார். ஏன் அவ்வளவு பெரிய கொல்லை வேண்டும் என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்குகிறது. விளைந்த உருளைக்கிழங்கைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அவர்கள் விளைவித்தது அவளிடம் வரும். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் தனியாக வந்தவள் ஊர்க்காரி ஆவாள்.

பெரியம்மா சல்லடையைக் கீழே வைத்தது இந்த இடத்தில்தான். மானாவாரிச் செம்மண்ணில் கேழ்வரகோடு அவரையும் துவரையும் கலந்து போட்டு, ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று கணக்குப் போடும் விவசாயத்தில் வளர்ந்தவருக்கு, முதல் பயிர் வாடுவது துயரக் காட்சியாகவே படவில்லை. “மொத வருசம் யாருக்குப்பா வெளஞ்சிருக்கு? அவ வரப்புமேல நின்னு பாத்தா பாரு, அதுதான் வேல” என்றார். அடுத்து வந்த காட்சியில், ஊரார் கொல்லைகளையெல்லாம் காட்டுப்பன்றிகள் கிளறிவிட்டுப் போக, ஹானாவின் கொல்லை மட்டும் தப்புகிறது. ஓநாய்க் குழந்தைகள் அங்கங்கே சிறுநீர் கழித்ததால் பன்றிகள் அந்தப் பக்கம் வரவில்லை என்பது பிறகு தெரிகிறது. பன்றிக்குப் பயந்து கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிவைப்பதும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களில் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக்காகப் பரண் போட்டு இரவெல்லாம் விழித்திருப்பதும் நம்மவர்களுக்குப் பழகியவை. “எங்க சேலை பண்ணாத வேலைய அந்தப் புள்ளைங்க பண்ணுதுங்களே” என்று பெரியம்மா வியந்தார்.

அவருடைய வியப்புக்குள் ஒரு நுட்பமான உண்மை இருக்கிறது. நகரத்தில் எந்தக் குணத்தை மறைக்க வேண்டியிருந்ததோ அதே குணம் கிராமத்தில் குடும்பத்தைக் காக்கிறது. குழந்தையிடம் உள்ள எதையும் தாய் அறுத்தெறியவில்லை. அதற்குப் பொருத்தமான நிலத்தைத் தேடிப் போயிருக்கிறாள். விதைக்கேற்ற மண்ணைத் தேர்வதுதான் அவள் செய்த முதல் பெரிய செயல், அதை யாரிடமும் பறைசாற்றாமல் செய்தாள்.

அவளுடைய புன்னகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படத்தில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுவே. ஹானா என்றால் மலர். அவள் பிறந்தபோது கொல்லைப்புறத்தில் யாரும் நடாமல் தானே பூத்திருந்த மலர்களைப் பார்த்து, இந்த மலரைப் போல் எப்போதும் சிரித்திருக்கும் பெண்ணாக வளரட்டும் என்று அவள் தந்தை அந்தப் பெயரை வைத்தார். துன்பம் வரும்போது சும்மாவேனும் சிரி, பெரும்பாலானவற்றைக் கடந்துவிடலாம் என்பது அவர் சொல்லிவைத்த பாடம். அவர் இறந்தபோதும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், உறவினர்கள் திட்டினார்கள். வயலில் நிராசாகியும் அதையே கேட்கிறார்: எதற்காகச் சிரித்துக்கொண்டே இருக்கிறாய்? எதையும் தாங்கிச் சிரிக்கும் தாய் என்று போற்றிவிட்டுப் போகப் படம் விடவில்லை. அந்தச் சிரிப்பைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு கிழவரைப் படமே கொண்டுவந்து எதிரில் நிறுத்துகிறது. சிரிப்பு அவளுக்கு ஒரு கைத்தடி. கைத்தடி ஊன்றி நடப்பவரைப் பார்த்துக் காலில் வலியே இல்லை என்று நாம் முடிவு கட்டுவதில்லை அல்லவா?

இவ்வளவையும் பார்வையாளருக்குக் கடத்துவதற்கு ஹொசோடா கையாளும் காட்சிமுறை மிகச் சிக்கனமானது. அவருடைய படங்களில் மனித உருவங்களின் மீது நிழல் தீட்டப்படுவதில்லை. முகம் ஒரே தட்டையான வண்ணத்தில் இருப்பதால், புருவமோ உதட்டோரமோ மயிரிழை அளவு அசைந்தாலும் அது கண்ணில் படுகிறது. அதற்கு மாறாக இலை, நீர், பனி ஆகியவை மிகுந்த நுணுக்கத்தோடு தீட்டப்பட்டிருக்கின்றன. மனிதர்கள் எளிய கோடுகளாகவும் இயற்கை நிறைந்த வண்ணமாகவும் இருக்கும் அந்த உலகத்தில், தாய் எவ்வளவு சிறியவள் என்பது சொல்லாமலே விளங்குகிறது. முதல் பனிக்காலத்தில் மூவரும் பனிச்சரிவில் ஓடி உருளும் நீண்ட காட்சியில் பேச்சே இல்லை. தகாகி மசகாத்சுவின் இசை மட்டும் இருக்கிறது. அங்கே அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கும் முன்பு பார்த்த சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வசனமும் விளக்கவில்லை, பார்ப்பவர் தாமே கண்டுகொள்ள வேண்டும்.

ஆண்டுகள் கடப்பதைக் காட்டும் பள்ளிக்கூடக் காட்சியும் இத்தகையதே. பள்ளி நடைவழியில் கேமரா இடமும் வலமுமாக நகர்கிறது. ஒவ்வொரு வகுப்பறையைக் கடக்கும்போதும் குழந்தைகள் ஒரு வகுப்பு மேலே போயிருக்கிறார்கள். ஓநாயாகத் துள்ளித் திரிந்த யுகி தோழிகளோடு ஒட்டி உட்காரும் சிறுமியாக மாறிக்கொண்டே போகிறாள். அமேயின் இருக்கையோ வகுப்பில் காலியாகக் கிடக்கத் தொடங்குகிறது. ஒரு வெட்டுகூட இல்லாமல் நகரும் அந்த ஓட்டத்தில், இரண்டு குழந்தைகளும் எதிரெதிர்த் திசைகளில் பிரிவதை நாம் கண்ணெதிரே பார்க்கிறோம். மருத்துவமனை வாசல்களுக்கு நடுவே நின்ற அதே தாய், இப்போது மனிதப் பாதைக்கும் ஓநாய்ப் பாதைக்கும் நடுவே நிற்கிறாள்.

இங்கேதான் என் முக்கியக் கருத்து வருகிறது. ஹானாவின் வலிமை அவள் எடுக்கும் முடிவுகளில் இல்லை. எடுக்காமல் வைத்திருக்கும் ஒரே ஒரு முடிவில் இருக்கிறது. குழந்தைகள் மனிதராக வேண்டுமா, ஓநாயாக வேண்டுமா என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்காமல் இருப்பது சோம்பலாலோ அச்சத்தாலோ அன்று. இரண்டு வழிகளும் திறந்திருக்க வேண்டுமானால் இரண்டுக்கும் அவள் உழைத்தாக வேண்டும். யுகி பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால் உருமாறாமல் இருக்க ஒரு சிறு சொற்கட்டைச் சொல்லிக்கொடுத்து, மற்றப் பெண்களைப் போல் உடுத்த வேண்டும் என்றபோது தன் கையால் உடை தைத்துக் கொடுக்கிறாள். அமே காட்டில் ஒரு கிழட்டு நரியை ஆசானாகக் கொண்டு மலையின் இயல்பைக் கற்கத் தொடங்கியபோது, அந்த நரியைப் பார்க்கவும் போகிறாள். ஒரு வழியை அடைத்துவிட்டால் அவள் சுமை பாதியாகும். அடைக்காமல் இரண்டையும் சுமப்பதுதான் அவளது பலம்.

அதே 2012இல், ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக, ஜூன் 22 அன்று அமெரிக்காவில் வெளியான பிக்ஸார் நிறுவனத்தின் ‘பிரேவ்’ அனிமேஷன் படத்திலும் விலங்கும் தாயும் ஒன்றாக வருவது வியப்பான பொருத்தம். அங்கே உருமாறுவது தாயே. மகள் மெரிடா வாங்கிவந்த மந்திரப் பலகாரத்தை உண்டு அரசி எலினோர் கரடியாகிவிடுகிறாள். இயக்குநர் பிரெண்டா சாப்மன் தம் மகளோடு கொண்ட உறவிலிருந்து உருவாக்கிய கதை அது. இடையில் மார்க் ஆண்ட்ரூஸ் இயக்கத்தை ஏற்றார், படத்தில் இருவர் பெயரும் உண்டு. கரடியான தாய்க்குப் பேச்சு போய்விடுகிறது. சண்டையிடும் குலத்தலைவர்களின் நடுவே மகள் பேச, அவர்களுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் கரடித் தாய் கையசைவால் என்ன சொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் காட்சி அப்படத்தின் உச்சம் என்பேன். அதுவரை மகளை வாயடைத்து வைத்த தாய், தன் வாய் அடைபட்ட பிறகே மகள் பேசுவதைக் கேட்கிறாள். எலினோர் அமைதியைத் தாமதமாகக் கற்கிறாள். ஹானா அதில் தொடங்குகிறாள்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். படித்துக்கொண்டிருந்த பெண் படிப்பை விட்டாள். வாழ்நாளில் தனக்கென எதையும் கேட்கவில்லை. இப்படிப்பட்டவளை அழகான வண்ணங்களில் தீட்டிக் காட்டினால், தாய் என்றால் இப்படித்தான் கரைய வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்வதாகாதா? இந்தக் கேள்வி நம் பக்கத்தில் இன்னும் கனமாக ஒலிக்கிறது. பெண்களின் படிப்பு பாதியில் நின்று, வயது வருமுன் மணம் முடித்துவைக்கும் வழக்கம் இன்றும் முற்றாக ஓயாத மாவட்டங்கள் நம்முடையவை. கணவன் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய்விட, கொல்லையையும் மாட்டையும் மாமியாரையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்ணிடம் “நீ பொறுமைசாலி” என்று சொல்வது, பல நேரம் அவள் வாயை மூடுவதற்கான நாகரிகமான வழியாக இருக்கிறது.

மறுப்பில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். ஹானாவின் படிப்பு என்ன ஆயிற்று என்பதைப் படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இயற்கை ஆய்வு நிலையத்தில் உதவியாளர் வேலைக்குப் போகிறாள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவள் கோபப்படும் ஒரு காட்சியாவது வேண்டியிருந்தது. அது இல்லாதது குறையே. ஆனால் மறுபாதியை ஏற்க இயலவில்லை. அமைதி வேறு, வாயடைக்கப்படுவது வேறு. வாயடைக்கப்பட்டவள் தன் பிள்ளைக்கும் அதையே கற்பிப்பாள். அடங்கி இரு, மறைத்துக்கொள், ஊர் என்ன சொல்லும் என்று பார் என்பாள். ஹானாவின் வீட்டிலோ அண்ணாந்து ஊளையிடலாம். ஊளையிடுவதற்காகவே அவள் ஊரைவிட்டு ஊர் வந்தாள். தனக்கு மறுக்கப்பட்ட சத்தத்தைப் பிள்ளைகளுக்குத் தந்தவளின் அமைதியை அடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யுகியின் வகுப்பில் சேரும் சோஹெய் என்ற சிறுவனின் தாயை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவள் மறுமணம் செய்துகொள்கிறாள்; புதிதாகப் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பின் தான் தேவைப்பட மாட்டேன் என்று அந்தச் சிறுவன் சொல்கிறான். அவனுக்கும் எதிர்காலம் திறந்திருக்கிறதுதான். ஆனால் அதைத் திறந்து பிடித்திருக்கும் கை இல்லை.

புயல் மழை கொட்டும் நாளில் இரண்டு பிள்ளைகளின் கதையும் முடிவை அடைகின்றன. யுகி பள்ளியில் மாட்டிக்கொள்கிறாள். காற்றில் பறக்கும் திரைச்சீலைகளுக்கு நடுவே சோஹெயிடம் தன் உண்மை உருவைத் தானே காட்டுகிறாள். அதே நேரத்தில் அமே மலைக்குப் போய்விடுகிறான். அவனைத் தேடி மழையில் அலையும் ஹானா வழுக்கி விழுந்து நினைவிழக்கிறாள். அமேயே அவளைத் தூக்கிவந்து ஊருக்கு அருகே கிடத்திவிட்டுத் திரும்புகிறான். கண் விழித்தவள் அவனைக் கூப்பிடுகிறாள். உனக்கு நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே என்கிறாள். அவன் ஓநாயாகி மலைமுகட்டில் ஏறி நின்று ஊளையிடுகிறான். அதைக் கேட்டபின் அவள் முகம் மாறுகிறது. நன்றாக வாழ் என்று மட்டும் சொல்கிறாள். அவள் முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூப்பிட்டாள், கெஞ்சினாள், பிறகே விட்டாள். மறுத்துப் பார்க்காமல் வரும் துறவு இது இல்லை.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் புறநானூற்றின் 86ஆம் பாட்டு என் நினைவுக்கு வருகிறது. பாடியவர் காவற்பெண்டு என்ற பெண்பாற் புலவர். சிறிய வீட்டின் தூணைப் பற்றிக்கொண்டு ஒருவர் ‘உன் மகன் எங்கே’ என்று கேட்கிறார். என் மகன் எங்கிருக்கிறானோ அறியேன் என்கிறாள் தாய். புலி தங்கிவிட்டுச் சென்ற கற்குகையைப் போன்றது அவனை ஈன்ற இந்த வயிறு, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள். இந்தப் பாட்டை வீரத்தாயின் பெருமிதம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் குன்றுகளில் ஏறி, அப்படிப்பட்ட ஒரு பாறை இடுக்குக்குள் குனிந்து பார்த்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றியது. குகை புலியைத் தடுப்பதில்லை, துரத்துவதுமில்லை. மழைக்கும் வெயிலுக்கும் இடம் தருகிறது. புலி போனபின் அந்த வெறுமையைத் தனக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. மகன் எங்கே என்று தெரியவில்லை என்பதும், அவன் எங்கு தோன்றுவான் என்பது உறுதியாகத் தெரியும் என்பதும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளில், விலங்காகிப் போன மகனைப் பற்றித் தாய்மார் இருவர் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பதைக் காண எனக்கு மெய்சிலிர்க்கிறது. வேறுபாடும் உண்டு. சங்கப் பாட்டின் மகன் அரசனுக்காகப் போனான். அமே யாருக்காகவும் போகவில்லை. ஆகவே ஹானாவுக்குப் பெருமிதம் என்ற ஆறுதலும் கிடைப்பதில்லை.

படத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லிவருவது யுகியின் குரல் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இது கட்டுக்கதை போலிருக்கிறது என்று நீங்கள் சிரிக்கக் கூடும், ஆனால் இது என் தாயின் கதை என்று அவள்தான் ஆரம்பிக்கிறாள். தாய் தன் கதையைத் தானே சொல்வதில்லை. கணவன் இறந்த நாளில் அவள் என்ன நினைத்தாள், புலம்பினாளா என்பதெல்லாம் மகளுக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்த அளவுக்குச் சொல்கிறாள். பார்வையாளரான நாம் ஹானாவை எப்போதும் ஓரடி தள்ளி நின்றே பார்ப்பதற்குக் காரணம் இதுவே. நம் அம்மாக்களையும் நாம் அப்படித்தானே அறிவோம்?

‘இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே’ என்று ஹானா சொன்னதை நான் தமிழில் சொன்னபோது பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். பெரியம்மா மட்டும், “எல்லாந்தான் செஞ்சா. அதுக்கப்புறமும் ஒண்ணும் செய்யலன்னு சொல்றா பாரு” என்றார். சொல்லிவிட்டு மாவுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார். அதனால் கடைசிக் காட்சியை அவர் பார்க்கவில்லை. அதில் யுகி நடுநிலைப் பள்ளி விடுதிக்குப் போய்விட்டிருக்கிறாள். அந்தப் பழைய வீட்டில் ஹானா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மலையிலிருந்து ஓர் ஊளை வருகிறது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.